உன் வீடு எங்கே?

‘வீடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு என்று முதலாண்டு வகுப்பில் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் விளக்கினார். குடியிருக்கும் மனை ஒன்று. அறம், பொருள், இன்பம் மூன்றையும் கடந்து அடையும் விடுதலை மற்றொன்று. ‘விடு’ என்னும் அடியிலிருந்து பிறந்த சொல்லாம். பகலெல்லாம் பாடுபட்டவன் தன் வேலையை விட்டுவந்து இளைப்பாறும் இடமாதலால் அது வீடாயிற்று என்று சொல்வாரும் உண்டாம். வகுப்பு முழுவதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். எங்கள் தெருவில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகுதானே வேலையே தொடங்குகிறது!

வெளியூரிலிருந்து வந்து நம் கல்லூரியில் பயிலும் நண்பர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குடியாத்தத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து லுங்கித் தறியின் ஓசை வரும். மற்றொரு வீட்டில் தீப்பெட்டி வேலை நடக்கும். அதற்கடுத்த வீட்டுத் திண்ணையில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்பது கூலிக் கணக்கு. ஆயிரம் ஆவதற்குப் பெரியவர்களின் பத்து விரல் போதாது. நுனி மடக்கச் சின்ன விரல்தான் வாகு என்று சொல்லிப் பிள்ளைகளையும் முறத்தின் எதிரே உட்கார வைத்துவிடுவார்கள்.

சட்டம் இதை அறியாமலில்லை. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவரைத் தொழிற்கூடத்தில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பீடி சுற்றுவதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால், குடும்பத்தாரின் துணையோடு ஒருவர் நடத்தும் வேலையிடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஒரு விலக்கையும் அதே சட்டம் வைத்தது. அதாவது, சட்டம் எங்கள் தெருவரைக்கும் வந்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நடப்பது குடும்ப விவகாரம் என்று நின்றுகொண்டது. 1991இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பீடித் தொழிலாளர் வழக்கொன்றில், புகையிலைத் தொழில் உடல்நலத்துக்குக் கேடானது, இதில் குழந்தை உழைப்பை இயன்றவரை விரைவில் நிறுத்த வேண்டும் என்று கூறியது. அப்போது என் அம்மாவுக்கு ஆறு வயது.

ஒன்பதாம் வயதில் அம்மா அடகு வைக்கப்பட்டாள். நகையை வைப்பது போல, பாத்திரத்தை வைப்பது போல. இம்மாவட்டத்துக்கு அன்று வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். தாத்தா ஓர் ஏஜெண்டிடம் எண்ணூறு ரூபாய் முன்பணம் வாங்கினார். பணம் தீரும்வரை பெண் அங்கே பீடி சுற்ற வேண்டும். பணமோ தீருவதாயில்லை, அதுதான் அந்தக் கணக்கின் சூட்சுமம். பிள்ளைகள் தலை நிமிர்ந்து பேசாதிருக்கத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைச் சொருகி வைப்பார்களாம். தீப்பெட்டி விழுந்தால் அடி விழும். இன்றும் அம்மா குனிந்து கோலம் போடும்போது தாடையைக் கழுத்தோடு ஒட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் அவள் அங்கிருந்து ஓடினாள். எங்கே ஓடுவாள்? வீட்டுக்குத்தான் ஓடினாள். தாத்தா திட்டவில்லை, அடிக்கவில்லை. கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசியபடியே நடத்திக் கூட்டிப்போய் ஏஜெண்டின் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வந்தார். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா நடந்த நெடுந்தூரம் அது ஒன்றுதான்.

பிள்ளையை இப்படி அடகு வைப்பது செல்லாது என்று 1933லேயே வெள்ளைக்காரர் காலத்தில் சட்டம் வந்திருக்கிறது. பெற்றோருக்கு அபராதம் 50 ரூபாய் வரை. பிள்ளையை வாங்கிக்கொண்டவருக்கு 200 ரூபாய் வரை. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து மூன்றாண்டுச் சிறைவரை விதித்தது. இவற்றையெல்லாம் நான் நம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சட்டம் இல்லையே என்பதன்று; இத்தனை இருந்தும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஓடுவதற்கு ஒரு திசை இல்லையே என்பதுதான். 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் உலக மனித உரிமை அமைப்பு இந்தியாவின் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் மாவட்டத்துப் பீடிச் சிறாரும் அதில் இடம்பெற்றார்கள். வெளிநாட்டில் அச்சான புத்தகத்தில் எங்கள் திண்ணை!

அம்மாவுக்கு விடிவு வேறு வழியில் வந்தது. அந்த ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்டுப் படிக்க வைக்க முனைந்தார். பத்துப் பதினொரு வயதில் முதன்முதலாக எழுத்தைப் பார்க்கும் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அது மறுநாளே ஓடிவிடும். ஆகவே ஆந்திரத்து மதனப்பள்ளிக்கருகில் உள்ள ரிஷிவேலிப் பள்ளியில் வளர்ந்திருந்த அட்டை முறையை இங்கே கொணர்ந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிச் செல்லலாம். விஜயகுமார் சென்னைக்குச் சென்ற பிறகு, 2003இல் அங்கு 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அம்முறை தொடங்கியது. 2007 முதல் ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. நண்பர்களே, நாம் ஒன்றாம் வகுப்பில் தரையில் அமர்ந்து தாழ்மட்டக் கரும்பலகையில் எழுதினோமே, ஏணிப்படியில் நம் அட்டையைத் தேடினோமே, அதன் வித்துகளில் ஒன்று நம் மாவட்டத்துப் பீடிப் பிள்ளைகளுக்காக ஊன்றப்பட்டது. அம்மா அப்படியொரு பள்ளியில் ஓராண்டு படித்தாள். கையெழுத்துப் போடவும் பஸ் பலகை படிக்கவும் அந்த ஓராண்டுதான். பிறகு கலியாணம் செய்து குடியாத்தத்துக்கு அனுப்பினார்கள்.

இனி என் கதை. இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “எழுது, பேர் போடாத” என்றாள்.

நைனா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். ஷாப்பில் தோலைப் பதம்செய்து ஊருக்கெல்லாம் செருப்பாக்க அனுப்புவார்கள். எங்கள் வீட்டுக்கு அது வாராக வந்தது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு வார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். குடித்திருந்தால் அதை எடுப்பார். குடிக்காத நாளிலும் எடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்; எல்லாவற்றையும் சாராயத்தின் தலையில் கட்டிவிட்டு மனிதனை விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம், அதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவுக்கு அடி. எனக்கு அடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தங்கையும் முறத்தின்முன் உட்கார வேண்டும். இத்தனை கட்டு முடித்தால்தான் சோறு. பள்ளிக்கூடத்தில் கிடைத்த பகல் உணவு ஒன்றுதான் கணக்குக் கேட்காமல் தட்டில் விழுந்தது. 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குச் சென்ற காமராசர், முதலமைச்சராக இருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு கொடுத்தார் என்று பாடத்தில் வந்தபோது, நம் ஊர் போட்ட ஓட்டு நம் தட்டுக்கே வந்திருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது.

2014ஆம் ஆண்டு. நான் ஆறாம் வகுப்பு. தங்கைக்கு ஆறு வயது. ஒரு நாளிரவு அவள் நுனி மடக்கிக்கொண்டே தூங்கி முறத்தின்மேல் சாய்ந்துவிட்டாள். தூள் சிதறியது. வார் அவள் இடது காதின்மேல் விழுந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு நான் நெல்லூர்பேட்டையிலிருந்த பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். பெரியப்பா நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் சொல்வேன். பெரியம்மா தங்கையின் காதைத் துடைத்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். பெரியப்பா கண்கலங்கினார். பிறகு டி.வி.எஸ். 50ஐ எடுத்தார். தங்கையை முன்னால் நிற்க வைத்து, என்னைப் பின்னால் உட்கார வைத்து, எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். “புள்ளைங்க மேல கை வெக்காதடா” என்று நைனாவிடம் சொன்னார். “இல்லண்ணா, இனிமே வெக்க மாட்டேன்” என்று நைனா மிகவும் பணிவாகச் சொன்னார். பெரியப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அந்தப் பணிவு இருந்தது.

பெரியப்பாவைப் போலவே அக்கம்பக்கத்தாரும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஒரு சுவர்தானே இடையில்! ஆனால் வெளியே நிற்கும் பிள்ளையைக் கண்டால் உள்ளே கொண்டுபோய் விடுவதுதான் தருமம் என்று அவர்கள் நம்பினார்கள். வீதி ஆபத்து, வீடு பத்திரம் என்பது அவர்களுக்கு எழுதாத சட்டம். என் தாத்தா பன் வாங்கிக் கொடுத்து நடத்திக் கூட்டிப்போனதையும் பெரியப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதையும் பிற்காலத்தில் அம்மா ஒன்றாகவே பேசுவாள். தாத்தாவுக்குப் பணம் காரணம், பெரியப்பாவுக்குப் பாசம் காரணம். பிள்ளை போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான் என்பாள்.

இங்கே நம் ஊர்த் திருவிழாவைச் சற்று நினைக்கிறேன். வைகாசி முதல் நாள் கோபாலபுரம் கெங்கையம்மனுக்குச் சிரசுத் திருவிழா. அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது குடியாத்தமே தெருவில் நிற்கும். சுற்றுப்பட்டு ஊர்களும் வந்து நிற்கும். அந்தச் சிரசு ஏன் தனியே வருகிறது? கணவன் சமதக்கினி முனிவன் சினந்து, தாயை வெட்டு என்று மகன் பரசுராமனை ஏவினான். ரேணுகை வீட்டை விட்டு ஓடினாள். என் ஆயா சொல்லும் கதையில், ஓடிவந்தவளை ஊர் ஒதுக்கிய குடியைச் சேர்ந்த ஒருத்தி தன் குடிசைக்குள் இழுத்துக் கட்டிக்கொள்கிறாள். மகன் கோடரி இருவரையும் சேர்த்து வெட்டுகிறது. பின்னர் உயிர் கொடுக்கும்போது இவள் தலை அவள் உடலோடு பொருந்திவிடுகிறது. சிறுவயதில் எனக்கு வெட்டிய மகன்தான் பெரிதாகத் தெரிந்தான். இப்போது அந்தக் குடிசைக்காரியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓடிவந்தவளிடம் ‘உன் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போ’ என்று அவள் சொல்லவில்லை. ஆண்டுதோறும் இலட்சக் கண்கள் கும்பிடும் திருமேனியில் கழுத்துக்குக் கீழே இருப்பது அவளுடையது. அதை யாரும் தனியாகக் கும்பிடுவதில்லை.

பெரியப்பா கொண்டுவந்து விட்ட ஒரு வாரத்துக்குப் பின், பள்ளிச் சீருடையோடு, புத்தகப் பையோடு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நான் குடியாத்தம் ரயில் நிலையத்துக்குச் சென்றேன். ரயிலடி ஊரிலிருந்து தள்ளியிருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தங்கை நடக்க முடியாமல் அழுதாள். பாதி வழி தூக்கிக்கொண்டேன். பாசஞ்சர் வண்டியில் ஏறிக் காட்பாடியில் இறங்கினோம். அதற்குமேல் எங்கே போவதென்று தெரியாது. காட்பாடிவரைதான் எனக்கு உலகம் தெரியும்.

பிளாட்பாரத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களை யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். டீ விற்றவர் கேட்டார், “உங்க வீடு எங்க?” கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கேட்டார், “தம்பி, வீடு எங்கப்பா?” பத்து ரூபாய் கொடுத்து, அடுத்த வண்டியில் திரும்பிப் போகச் சொன்னார். நல்ல மனம்தான். எல்லோருக்கும் ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் விடை சொன்னால் அடுத்தது என்ன என்பது எனக்குத் தெரியும், நான் டி.வி.எஸ்.ஸில் போய் வந்தவன். ஆகவே வாய் திறக்கவில்லை.

பிற்பகலில் பிளாட்பாரம் பெருக்கும் அம்மாள் ஒருவர் வந்தார். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் தங்கையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். “இன்னா கண்ணு, காதுல சீழ் கட்டிக்கீது? யாரு அட்ச்சது?” என்றார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. தங்கைதான் பதில் சொன்னாள்: “நைனா.”

அந்த அம்மாள் எங்கள் ஊரைக் கேட்கவில்லை, பெயரைக் கேட்கவில்லை. தூக்குச் சட்டியைத் திறந்து, இருந்த சோற்றை மூன்று பங்காக்கினார். “திரும்பிப் போகத் தாவல. இங்கயே குந்திக்கினு இருங்க” என்று சொல்லிவிட்டுப் போய், ரயில்வே போலீசில் ஒரு பெண் காவலரை அழைத்து வந்தார். அந்தக் காவலர் 1098க்குப் போன் செய்தார். சோறு கொடுத்தவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. காட்பாடி வழியே போகும்போதெல்லாம் துடைப்பம் பிடித்த கைகளைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

1098 என்பது குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி எண். 1996இல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்து ஜெரூ பில்லிமோரியா என்னும் பெண்மணி தெருவோரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் பரவியது. 2023 முதல் அரசே நேரடியாக நடத்தத் தொடங்கி, 112 என்னும் அவசர உதவி எண்ணோடும் இணைத்தது. எண் மாறவில்லை. மீட்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இப்போது நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. பெற்றவர் என்பதால் விலக்கு இல்லை. பழைய சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற வாசற்படியை இந்தச் சட்டம் தாண்டியிருக்கிறது. தாண்டி உள்ளே வரவேண்டுமானால் யாராவது கூப்பிட வேண்டும். எங்கள் தெருவில் யாரும் கூப்பிடவில்லை.

என்னை ஓர் இல்லத்திலும் தங்கையை வேறோர் இல்லத்திலும் வைத்தார்கள். அவளைப் பிரிந்த அந்தச் சில வாரங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. சோறு இருந்தது, படுக்கை இருந்தது, அடி இல்லை. இரவில் கதவுப் பக்கம் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

வேலூரில் குழுவின் முன்பு அம்மாவை வரவழைத்தார்கள். நைனாவும் வந்திருந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகட்டி நின்றார். பிள்ளைகளை அழைத்துப் போகிறாயா என்று அம்மாவைத்தான் கேட்டார்கள். பெற்றவள் என்ன சொல்வாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். அம்மா நைனாவைப் பார்க்கவில்லை. தாடையைக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“அனுப்பாதீங்கம்மா. என்னோட அனுப்பாதீங்க. எங்கம்மா ஊட்டுக்கு அனுப்புங்க.”

எங்கள் பேச்சில் வீடு ‘ஊடு’ ஆகிவிடும். இலக்கணம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்து மாதம் சுமந்தவள் தன் பிள்ளைகளைத் தன்னோடு அனுப்ப வேண்டாம் என்று அந்நியர் முன்னிலையில் சொன்னாள். அன்று மாலை நைனாவோடு அதே பஸ்ஸில் திரும்பிப் போனாள். அவளை அங்கே என்ன காத்திருந்தது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதை எழுதும்போது என் பேனா இவ்விடத்தில் வெகுநேரம் நின்றது.

விசாரணை முடிந்து எங்களை ஆயாவிடம் ஒப்படைத்தார்கள். பேரணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளை ஏஜெண்டிடம் கூட்டிப்போனபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்தான் ஆயா. அன்று அவள் சொல்லைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. எங்களை அழைத்துப்போன அன்றே அடுப்பங்கரையில் கிடந்த பழைய பீடி முறத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, தவிடு புடைக்கும் வேலைக்கு ஆகட்டும் என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நூறு நாள் வேலைக்குப் போனாள், மாட்டுக்குப் புல் அறுத்தாள். நான் அங்கிருந்தே பேரணாம்பட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். தங்கை இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இடது காது அவளுக்கு மந்தம்தான். வகுப்பில் இடது ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லோர் குரலும் நல்ல காதில் விழும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

2016ஆம் ஆண்டு மழைக்காலம். இரவு பத்து மணிக்குமேல் இருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் வழக்கம்போல் விழித்துக்கொண்டேன். ஆயா சிம்னியை ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. புடவை முழுக்க நனைந்திருந்தது.

ஆயா அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. புருஷன் எங்கே என்றும் கேட்கவில்லை. பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சோறு துன்னியாடி?” என்றாள்.